செம்பூர் தமிழ் வகுப்பில் ஒரு சிறு புரொஜெக்டர்

மும்பையின் செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் சொசைட்டியின் தரைத்தளத்தில் ஓர் அறை இருக்கிறது. மாதாந்திரக் கூட்டங்களுக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் திறக்கப்படும் அந்த அறையில், ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை, பதினெட்டுக் குழந்தைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது என்றாலும், இந்தக் குழந்தைகள் அனைவரும் ஆங்கிலவழிப் பள்ளிகளில் இந்தியையும் மராத்தியையும் சேர்த்துப் படிப்பவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். தமிழ் எழுத்தை இந்த அறையில்தான் முதன்முதலாக உற்றுப் பார்க்கிறார்கள். பொது அறை என்பதால் அங்கே கரும்பலகை எதையும் நிரந்தரமாக மாட்ட இயலாது. ஆகவே, வகுப்பு முடிந்ததும் பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடிய ஒரு சிறு புரொஜெக்டரைக் கடந்த நவம்பரில் வாங்கினேன். ஏழு மாதங்கள் வாரந்தோறும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

திரைப்படம் பார்ப்பதற்காக வாங்குபவர்கள் நிறத்தையும் ஒலியையும் முதலில் கவனிப்பார்கள். எனக்கு வேண்டியது எழுத்து. மூன்றுசுழி ணகரத்துக்கும் இரண்டுசுழி னகரத்துக்கும் உள்ள வேறுபாடு கடைசி வரிசையில் இருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரிய வேண்டும். ரகரத்தின் அடியில் சாய்ந்து இறங்கும் சிறு கோடு மங்கினால் அது வெறும் காலாக மாறிவிடும். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி கரைந்துவிட்டால் சொல்லே மாறிவிடும். படம் கொஞ்சம் மங்கினாலும் கதை புரியும். எழுத்து மங்கினால் குழந்தை தவறாகக் கற்றுக்கொள்ளும். இந்த ஒரு தேவையை வைத்தே நான் இந்தக் கருவியை எடை போட்டிருக்கிறேன்.

கருவியின் பெயரை நான் குறிப்பிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சாம்சங் நிறுவனம் ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற உருளை வடிவப் புரொஜெக்டரை அறிமுகப்படுத்தியது. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை, 180 பாகை வரை சாய்க்கக்கூடிய தாங்கி என்ற அந்த அமைப்பு பலருக்கும் பிடித்துப்போகவே, அதே தோற்றத்தில், அதைவிடப் பல மடங்கு குறைந்த விலையில், ஒரே உள்ளமைப்பைக் கொண்ட கருவிகள் வெவ்வேறு பெயர்களில் சந்தைக்கு வந்தன. என்னிடம் இருப்பது அவற்றில் ஒன்று. இன்று ஒரு பெயரில் கிடைப்பது அடுத்த மாதம் வேறொரு பெயரில் கிடைக்கலாம் என்பதால், பெயரைவிட உள்ளே இருப்பதைச் சொல்வதே வாசிப்பவர்களுக்குப் பயன்படும். ஒற்றை எல்.சி.டி. பலகை; எல்.இ.டி. விளக்கு; உண்மையான பிக்சல் எண்ணிக்கை 1280-க்கு 720; ஆண்ட்ராய்டு இயங்குதளம்; ஒரு எச்.டி.எம்.ஐ. துளை, ஒரு யு.எஸ்.பி. துளை, ஹெட்போன் துளை. உள்ளேயே ஒரு சிறு ஸ்பீக்கர். விலை 7,400 ரூபாய். பேட்டரி கிடையாது, மின்சாரத்தில் செருகினால்தான் இயங்கும். ‘போர்ட்டபிள்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் பேட்டரி இருக்கும் என்று எண்ணிக்கொள்பவர்கள் பலர் இருப்பதால் இதைத் தனியே சொல்கிறேன்.

வாங்கியது லேமிங்டன் சாலையில். கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாறிப் பல காலம் ஆன பிறகும் மின்னணுப் பொருள் வாங்கப் போகிறவர்கள் அனைவரும் லேமிங்டன் சாலை என்றே சொல்கிறார்கள். அங்குள்ள கடைகளில் புரொஜெக்டரை இயக்கிக் காட்டும் முறையைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கடையின் பின்புறம் கதவடைத்த சிறு அறையில், கும்மிருட்டில், கடலடி மீன்களும் வாணவேடிக்கையும் நிறைந்த காட்சியை ஓட்டுவார்கள். அந்த இருட்டில் எந்தப் புரொஜெக்டரும் அழகாகத்தான் இருக்கும். நான் ஒரு பென் டிரைவில் ஒரே ஒரு பக்கத்தைக் கொண்டு போயிருந்தேன். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துகளில் ‘மணம், மனம், மரம், மாமரம், கல், கள்’ என்ற சொற்கள் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அச்சிட்டதுபோல் அமைந்த பக்கம் அது. மூன்று கருவிகளில் அதைப் போடச் சொன்னேன். ஒன்றில் நடுப்பகுதி தெளிவாக இருந்தபோது வலப்பக்க மூலைகள் புகைபோல் ஆகிவிட்டன. இன்னொன்றில் எழுத்துகளின் ஓரத்தில் நீல நிழல் படிந்தது. மூன்றாவதில் மூலைகளில் சற்றே தெளிவு குறைந்தாலும் புள்ளிகள் எல்லாம் தெரிந்தன. அதை வாங்கினேன். கடையில் உதவிக்கு இருந்த இளைஞர் என் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசத் தொடங்கினார். “அக்கா, டப்பால போட்டிருக்கிற நம்பரப் பாக்காதீங்க. கதவைத் திறந்து வச்சிட்டு ஒரு தடவை போட்டுப் பாருங்க” என்று அவராகவே சொன்னார். கதவைத் திறந்ததும் பக்கம் பாதி மறைந்தது. அவர் சொல்லியிராவிட்டால் அதை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் அறிந்திருப்பேன்.

டப்பாவின் மேல் 8,000 லூமன் என்று அச்சிடப்பட்டிருந்தது. கருவி வெளியிடும் மொத்த ஒளியின் அளவே லூமன். இந்த எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தப் பிரிவில் வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். புரொஜெக்டரின் வெளிச்சத்தை அளப்பதற்கென 1992-இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான ஆன்சி ஒரு முறையை வகுத்தது. படம் விழும் பரப்பை ஒன்பது சமக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் விழும் ஒளியை லக்ஸ் அலகில் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை லூமன் என்ற கணக்கில்) அளந்து, ஒன்பதன் சராசரியைப் படத்தின் பரப்பளவால் பெருக்க வேண்டும். கிடைப்பதே ஆன்சி லூமன். டப்பாவில் ‘ஆன்சி’ என்ற சொல் இல்லாமல் வெறும் ‘லூமன்’ என்று இருந்தால், அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. பள்ளி ஆய்வகத்தில் பணிபுரியும் தோழியிடமிருந்து ஒரு லக்ஸ் மீட்டரை இரவல் வாங்கி, ஓர் இரவு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, மூலைக்கு மூலை 80 அங்குலம் உள்ள படத்தில் நானே அளந்து பார்த்தேன். நடுவில் 118 லக்ஸ். மூலைகளில் 70-ஐ ஒட்டியும் அதற்குக் கீழும். ஒன்பதன் சராசரி 91. படத்தின் பரப்பு ஏறத்தாழ 1.77 சதுர மீட்டர். பெருக்கினால் 161. என் அளவீடு ஆய்வுக்கூடத் துல்லியம் உடையதன்று. இருபது விழுக்காடு தவறியிருக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும் 161 எங்கே, 8,000 எங்கே?

இதைச் சொல்வதால் கருவியே பயனற்றது என்று பொருளில்லை. 161 லூமனை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்று தெரிந்துவிட்டால் அதை நன்றாகவே பயன்படுத்தலாம். எங்கள் வகுப்போ காலை பத்து மணிக்கு. அறையின் கிழக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய சன்னல்கள். மெல்லிய திரைச்சீலை போட்டிருந்தபோது சுவரின் மேல் 180 லக்ஸ் பகல் வெளிச்சம் இருந்தது. 80 அங்குலப் படத்தில் புரொஜெக்டர் தருவது 91 தான். கறுப்பு எழுத்து என்பது புரொஜெக்டர் ஒளி விழாத இடம் மட்டுமே. அங்கும் சன்னல் வெளிச்சம் 180 விழுந்துகொண்டே இருக்கிறது. ஆகவே வெள்ளைப் பகுதி 271, கறுப்புப் பகுதி 180. இரண்டுக்கும் இடையே ஒன்றரை மடங்கு வேறுபாடுதான். முதல் ஞாயிறன்று குழந்தைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்ததற்குக் காரணம் இந்தக் கணக்கு.

இரண்டு மாற்றங்கள் செய்தோம். சன்னல்களை ஒளி புகாத தடித்த துணியால் மூடியதும் சுவரில் விழும் வெளிச்சம் 30 லக்ஸாக இறங்கியது. படத்தை 60 அங்குலமாகச் சுருக்கினோம்; அதன் அகலம் 1.33 மீட்டர், உயரம் 75 சென்டிமீட்டர், பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர், எனவே 161 லூமனும் ஏறத்தாழ 161 லக்ஸாகவே விழுகிறது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே இப்போது ஆறு மடங்குக்கு மேல் வேறுபாடு. எழுத்து சுவரை விட்டு எழுந்து நிற்பதுபோல் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கினால் பின்வரிசைக்கு நன்றாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தோன்றும் எண்ணம். வெளிச்சம் குறைந்த கருவியில் உண்மை இதற்கு நேர்மாறானது. அகலத்தை இரட்டிப்பாக்கினால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவிக் கால் பங்காக மெலிந்துவிடும்.

அடுத்தது கருவியை வைக்கும் இடம். இதில்தான் நான் மிக அதிக நேரத்தை இழந்தேன், மிக அதிகம் கற்றுக்கொண்டதும் இதில்தான். இந்த உருளைக் கருவியின் விளம்பரப் படங்களில் அதைத் தரையிலோ குட்டை மேசையிலோ வைத்து, தலையை மேலே சாய்த்து, சுவரில் படம் விழுவதாகக் காட்டுவார்கள். அப்படிச் சாய்த்தால் படத்தின் மேல்பக்கம் அகன்றும் அடிப்பக்கம் குறுகியும் சரிவகமாக விழும். உடனே கருவி தானாகவே ‘கீஸ்டோன்’ திருத்தம் செய்து படத்தைச் செவ்வகமாக்கிவிடும். பார்ப்பவருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் கருவி அங்கே செய்வது, இருக்கும் பிக்சல்களில் ஒரு பகுதியை அணைத்துவிட்டு, மிச்சமுள்ள பகுதிக்குள் படத்தை நசுக்கி அடைப்பது மட்டுமே. எங்கள் அறையில் குட்டை முக்காலியின் மேல் வைத்துப் பார்த்தபோது, ஒளி விழும் மொத்தப் பரப்பில் நான்கில் ஒரு பங்கு இப்படி வீணானது. ஏற்கெனவே 720 வரிகள்தான். அதிலும் கால் பங்கு போய்விட்டால், ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. திரைப்படத்தில் இது யாருக்கும் தெரியாது. தமிழ் எழுத்தில் உடனே தெரியும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளைவிடத் தமிழ் எழுத்தில் ஒரே உயரத்துக்குள் வளைவும் சுழியும் அதிகம் அடங்கியிருப்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே முதல் வேலையாக அமைப்புப் பட்டியலுக்குள் சென்று தானியங்கிக் கீஸ்டோனை அணைத்துவிடுங்கள். பிறகு லென்ஸின் நடு, படத்தின் நடுவுக்கு நேராக இருக்குமாறு, கருவியைச் சுவருக்குச் செங்குத்தாக வையுங்கள். கருவியின் அடியில் கேமராக்களுக்கு உள்ளதுபோலவே கால் அங்குலத் திருகுத் துளை இருக்கிறது. சாதாரணக் கேமரா டிரைபாடே பொருந்துகிறது. நாங்கள் திரையின் நடுவை 1.3 மீட்டர் உயரத்தில் அமைத்து, டிரைபாடையும் அதே உயரத்துக்கு உயர்த்துகிறோம். இந்தக் கருவியில் படத்தின் அகலத்தை 1.2-ஆல் பெருக்கினால் வைக்க வேண்டிய தூரம் கிடைக்கும். 60 அங்குலப் படத்துக்கு 1.6 மீட்டர். கருவி திரைக்கு அவ்வளவு நெருங்கி நிற்பதால், குழந்தைகள் அதற்குப் பின்னால், ஜமக்காளத்தில் நடுவே ஒரு வழி விட்டு இருபக்கமும் அமர்கிறார்கள். லென்ஸை யாரும் நேராகப் பார்க்க வேண்டிய நிலை வராது என்பது இதிலுள்ள இன்னொரு நன்மை. டிரைபாடை உயர்த்தியதும் மின்விசிறிக் காற்றில் அது நடுங்கியது. நடுத்தண்டில் இரண்டு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்ட பிறகு அசைவதில்லை. மின்கம்பியைத் தரையோடு ஒட்டு நாடாவால் ஒட்டிவிடுவது மிகவும் அவசியம். இரண்டாம் வாரத்தில் ஒரு குழந்தையின் கால் தட்டிக் கருவி சாய்ந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் கைகொடுத்துப் பிடித்ததால்தான் அது தப்பியது.

குவியத்தைச் சரிசெய்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. விளக்கை ஏற்றியவுடன் சரிசெய்தால் பத்து நிமிடத்தில் மீண்டும் கலங்கும். உட்பகுதி சூடேறும்போது லென்ஸின் அமைப்பும் நுண்ணளவில் மாறுகிறது. நான் கருவியை ஏற்றிவிட்டு, துணியைக் கட்டி, வருகைப்பதிவு எடுத்து முடித்த பிறகுதான் குவியத்தைத் தொடுகிறேன். நடுவை மட்டும் கூர்மையாக்கினால் மூலைகள் போய்விடுகின்றன. நடுவுக்கும் மூலைக்கும் பாதித் தொலைவில் இருக்கும் ஒரு சொல்லைப் பார்த்துச் சரிசெய்தால் பக்கம் முழுவதும் படிக்கும்படி அமைகிறது.

திரை பற்றி. எங்கள் அறையின் சுவர் பிஸ்தா பச்சை. அதன் மேல் நேராகப் படம் போட்டால் வெள்ளை எல்லாம் பச்சையாகிறது. முதலில் வீட்டிலிருந்த எட்டு முழ வேட்டியைக் கட்டினோம். சலவை செய்து கஞ்சி போட்ட வேட்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இழைகளுக்கு இடையே ஒளி புகுந்து, வேட்டிக்குப் பின்னால் இருந்த சுவரிலும் அதே எழுத்துகள் தெரிந்தன. அந்த அளவுக்கு ஒளி நமக்குத் திரும்பி வராமல் வீணாகிறது என்று பொருள். பின்னர் கிராஃபோர்டு மார்க்கெட்டை அடுத்த மங்கல்தாஸ் மார்க்கெட்டுக்குப் போய், சன்னல் திரைகளுக்கு உள்பக்கம் தைக்கும் ஒளி புகாத வெள்ளை ‘பிளாக்அவுட்’ துணியில் இரண்டரை மீட்டர் வாங்கினேன். அதன் அகலம் 54 அங்குலம், அதாவது 137 சென்டிமீட்டர். 60 அங்குலப் படத்தின் அகலம் 133 சென்டிமீட்டர் என்பதால், துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் நடுவில் தையலே இல்லாமல் படம் அடங்குகிறது. அதே துணியைப் படுக்கைவாட்டில் கட்டினால் 100 அங்குலப் படத்துக்கும் போதுமானது. மேலும் கீழும் மடித்துத் தைத்து, இரு பக்கமும் பிளாஸ்டிக் குழாயைச் செருகிக்கொள்ளலாம். வாங்கும்போது மினுமினுப்பு இல்லாத பக்கம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பளபளப்பு இருந்தால் நடுவில் விளக்கின் வட்டம் தெரியும். என்னைக் கேட்டால், இந்தத் துணிக்குச் செலவழித்த சில நூறு ரூபாய், கருவிக்குக் கூடுதலாக இரண்டாயிரம் ரூபாய் கொடுத்திருந்தாலும் கிடைத்திராத தெளிவைத் தந்தது.

பாடங்களைக் கருவியில் ஏற்றுவதில் தமிழுக்கென்றே உள்ள சிக்கல் ஒன்று உண்டு. ஊரிலிருந்து ஓர் ஆசிரியை அனுப்பிய பயிற்சித்தாள்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பென் டிரைவில் போட்டுக் கருவியிலேயே திறந்தபோது, அந்த எழுத்துரு கருவியில் இல்லாததால், பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பழைய கோப்புகளை அந்த எழுத்துரு உள்ள கணினியில் திறந்து, எழுத்துருவையும் உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆகவோ படங்களாகவோ சேமித்துக்கொண்டால் எங்கும் ஒரே மாதிரி தெரியும். எழுத்துருவின் தேர்வும் முக்கியம். கோட்டின் தடிமன் எங்கும் ஒரே அளவாக உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை 720 வரிகளில் நன்றாக நிற்கின்றன. மெல்லிய, அலங்கார வளைவுகள் கொண்டவை உடைந்துபோகின்றன. ஒரு திரையில் ஆறு வரிகளுக்கு மேல் நான் வைப்பதில்லை. டப்பாவில் ‘4கே ஆதரவு’ என்று எழுதியிருப்பது, அந்த அளவுக் காட்சியை வாங்கிக்கொள்ளும் என்பதைத்தான் குறிக்கிறது. வாங்கிய பிறகு அதை 720 வரிகளாகக் குறைத்தே காட்டும்.

கருவிக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. இந்த விலைக் கருவிகள் பலவற்றுக்குக் கூகுளின் சான்றிதழ் இருப்பதில்லை. கட்டணத் திரைப்படச் சேவைகள் சான்றில்லாத கருவிகளுக்கு உயர்தரக் காட்சியை அனுப்பாமல் மிகக் குறைந்த தரத்தில் அனுப்பும், அல்லது அனுப்பவே மறுக்கும். அதைவிடக் கவலை தருவது பாதுகாப்பு. 2025 ஜூன் மாதம் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வெளியிட்ட எச்சரிக்கையில், வாங்கும்போதே தீய நிரல் புகுத்தப்பட்டு வரும் வீட்டுக் கருவிகளின் வரிசையில் டிஜிட்டல் புரொஜெக்டர்களும் இடம்பெற்றிருந்தன. என் கருவியில் அப்படி எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆயினும் குழந்தைகள் கூடும் இடத்தில் அதை இணையத்தோடு இணைக்கும் தேவையே எனக்கு இல்லை. முதல்முறை ஏற்றியபோது வைஃபை கேட்ட பக்கத்தைத் தாண்டிச் சென்றுவிட்டேன். பாடங்கள் பென் டிரைவிலிருந்தோ, எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக லேப்டாப்பிலிருந்தோ வருகின்றன. உங்களுக்கு இணையம் வேண்டுமென்றால், அஞ்சலும் வங்கியும் இணைந்துள்ள முதன்மைக் கணக்கைக் கொடுக்காமல் தனியாக ஒரு கணக்கைத் தொடங்கிக்கொள்ளுங்கள். இணையக் காட்சிகளைத் தரும் நம்பகமான ஸ்டிக் ஒன்றை எச்.டி.எம்.ஐ. துளையில் செருகுவது இன்னும் நல்லது. அந்த ஸ்டிக்குக்கு மின்சாரத்தைக் கருவியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து எடுக்காமல் அதனுடன் வந்த அடாப்டரிலிருந்தே கொடுங்கள்; இல்லையேல் பாதியில் அணைந்து அணைந்து எரியும்.

ஒலியைப் பொறுத்தவரை, சிறு அறைக்கு உள் ஸ்பீக்கர் போதும். ஆனால் ல, ள, ழ ஒலிப்பைக் கற்றுத்தர வாயசைவைக் காட்டும் காணொளிகளை நான் பயன்படுத்துகிறேன். புளூடூத் ஸ்பீக்கரை இணைத்தபோது, நாக்கு மடிந்து முடிந்த பிறகு ழகரம் கேட்டது. பாட்டு கேட்பவருக்கு அந்தச் சிறு தாமதம் பொருட்டல்ல. நாவின் அசைவையும் ஒலியையும் ஒன்றாகப் பார்க்க வேண்டிய குழந்தைக்கு அது பெரிய தடை. ஹெட்போன் துளையிலிருந்து கம்பி வழியாக ஸ்பீக்கரை இணைத்ததும் தாமதம் நீங்கியது. கருவியின் விசிறி இரைச்சல் இருக்கிறது. டிரைபாடுக்கு நேர் பின்னால் அமரும் குழந்தைகளுக்கு அது கேட்கும். நான் குரலைச் சற்று உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறது.

பொங்கலன்று மாலை மொட்டைமாடியில் ஒரு நிகழ்ச்சி வைத்தோம். குழந்தைகள் தாங்களே எழுதிய சொற்களையும் வரைந்த படங்களையும் பெற்றோருக்குக் காட்டுவதற்காக, அதே துணியைப் படுக்கைவாட்டில் கட்டி 100 அங்குலத்தில் போட்டோம். ஜனவரி நடுவில் மும்பையில் ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும். ஏழு மணிக்கு மேல் இருட்டு கூடியதும், பகலில் அறைக்குள் தடுமாறிய அதே கருவி அவ்வளவு பெரிய படத்தைத் தெளிவாகத் தந்தது. திரையில் விழுந்தது 58 லக்ஸ்தான் என்றாலும், சுற்றிலும் இருந்த வெளிச்சம் அதில் ஒரு சிறு பங்கே. கடற்காற்றில் துணி பாய்மரம்போல் உப்பி எழுத்துகளைக் கலைத்தது மட்டும் தொல்லை. கீழ்க்குழாயை இரண்டு பூந்தொட்டிகளோடு கட்டியபின் அடங்கியது. ஸ்பீக்கர் வைத்திருந்ததால் இரவு பத்து மணிக்கு முன்பே முடித்துக்கொண்டோம். பத்துக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை.

இதே விலையில் 32 அங்குலத் தொலைக்காட்சியே வாங்கியிருக்கலாமே என்று என் கணவர் கேட்டார். ஒரே இடத்தில் நிலையாக வைக்க முடிந்தால், அதுவும் பகலில் பயன்படுத்துவதானால், நானும் அதையே பரிந்துரைப்பேன். திரையின் வெளிச்சமும் எழுத்தின் கூர்மையும் இதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் ஞாயிறுதோறும் அதை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி ஏற்ற என்னால் ஆகாது. பதினெட்டுக் குழந்தைகள் 32 அங்குலத்தைச் சுற்றி நெருக்கியடித்து அமர வேண்டியிருக்கும். இப்போது கருவி, துணி, டிரைபாட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அனைத்தும் ஒரே தோள்பையில் அடங்குகின்றன. தொடக்கத்தில் அமைத்து முடிக்க நாற்பது நிமிடங்கள் ஆயின. இப்போது பெரிய குழந்தைகள் இருவர் துணியைக் கட்ட, பன்னிரண்டு நிமிடங்களில் தயாராகிவிடுகிறோம். டிரைபாடின் மூன்று கால்கள் நிற்க வேண்டிய இடங்களைத் தரையில் சிறு ஒட்டு நாடாத் துண்டுகளால் குறித்து வைத்திருப்பதே இதற்குக் காரணம்.

மும்பையின் மழைக்காலத்தைத்தான் இனி பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரப்பதத்தில் கேமரா லென்ஸ்களிலேயே பூஞ்சை பிடிக்கும் ஊர் இது. நான் கருவியைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். அது நன்றாக ஆறிய பிறகே மூடுகிறேன். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்து வந்தால், ஈரம் படிந்திருக்கக்கூடும் என்பதால், அரை மணி நேரம் கழித்தே ஏற்ற வேண்டும்.

தூசிதான் இந்தக் கருவியின் பெரிய பலவீனம். உள்ளே இருக்கும் ஒளிப்பாதை முழுவதும் மூடப்படாத அமைப்பு என்பதால், குளிர்விக்க விசிறி இழுக்கும் காற்றோடு தூசியும் எல்.சி.டி. பலகை வரை போய்விடுகிறது. ஐந்தாம் மாதத்தில், படத்தின் வலப்பக்க மேற்பகுதியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு தோன்றியது. லென்ஸைத் துடைத்தேன், போகவில்லை. உத்தரவாதம் ஓர் ஆண்டு, ரசீது இருக்கிறது, ஆனால் கடைக்காரர், தூசி அதில் அடங்காது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். திறந்து சுத்தம் செய்து தரத் தனியாகக் கட்டணம் கேட்கிறார். வாங்கும்போதே ‘ஒளிப்பாதை மூடப்பட்டதா, தூசி படிந்தால் யார் பொறுப்பு’ என்று நான் கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும், நீங்கள் கேளுங்கள். மூடிய ஒளிப்பாதை உள்ளதற்குச் சில ஆயிரங்கள் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தால், எழுத்துக் கற்பிக்க வாங்குபவர்கள் தயங்காமல் கொடுக்கலாம். சென்ற ஞாயிறு ‘பல’ என்று திரையில் போட்டிருந்தேன். அந்தப் பொட்டு சரியாக லகரத்தின் தலைக்கு மேல் போய் நின்றிருக்கிறது. கடைசி வரிசைக் குழந்தை எழுந்து நின்று, தெளிவாக, ‘பல்’ என்று படித்தாள்.